தொலைதூர விண்மீன் திரள்களின் காமாக் கதிர்களைக் கொண்டு புதிய இயற்பியலைச் சோதிக்க முடியுமா?

எழினி (கேள்வி):

வணக்கம். 2022 அக்டோபர் 9 அன்று பதிவான ஜிஆர்பி 221009ஏ என்னும் காமாக் கதிர் வெடிப்பைப் பற்றி இளநிலை இயற்பியல் மாணவர்களுக்கு ஒரு வகுப்பு எடுக்க எண்ணியிருக்கிறேன். அதன் செம்பெயர்ச்சி (பேரண்ட விரிவால் ஒளியின் அலைநீளம் நீண்ட அளவு; தொலைவைக் காட்டுவது) 0.151, அதாவது ஒளி ஏறத்தாழ 190 கோடி ஆண்டுகள் பயணம் செய்து நம்மை அடைந்திருக்கிறது. சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் 4410 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள லாசோ ஆய்வகம், இந்த வெடிப்பிலிருந்து 18 டெரா எலக்ட்ரான் வோல்ட் (டெரா என்பது லட்சம் கோடி, அதாவது ஆயிரம் கிகா) வரையிலான ஃபோட்டான்களை, அதாவது ஒளித்துகள்களைக் கண்டதாக முதலில் அறிவித்தது. அவ்வளவு ஆற்றலுள்ள ஃபோட்டான் அவ்வளவு தொலைவைக் கடந்து வரவே கூடாது என்றும், வந்திருப்பதால் ஆக்சியான் போன்ற புதிய துகள் இருக்கலாம் என்றும், ஐன்ஸ்டீனின் சார்பியல் மிக உயர்ந்த ஆற்றலில் மீறப்படலாம் என்றும் சில நாள்களுக்குள்ளேயே பல ஆய்வுக் கட்டுரைகள் வெளியாயின. பிறகு அந்தப் பேச்சு தணிந்துவிட்டது.

என் ஐயம் இந்த ஒரு நிகழ்வோடு நிற்பதல்ல. வெடிப்பு நிகழ்ந்த இடத்தில் எவ்வளவு காமாக் கதிர் உமிழப்பட்டது என்பதையும் நாம் நேராக அளக்கவில்லை, வழியில் எவ்வளவு விழுங்கப்பட்டது என்பதையும் நேராக அளக்கவில்லை. வந்து சேர்ந்ததை மட்டுமே அளக்கிறோம். அப்படியிருக்க, எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வந்திருக்கிறது என்பதைக் கொண்டு புதிய துகள் ஒன்றைப் பற்றி எப்படிப் பேச முடியும்? இந்த வழியில் உறுதியாகக் கிடைத்த முடிவு ஏதேனும் உண்டா?

தொலைநோக்கன் (பதில்):

உங்கள் ஐயம் இத்துறையின் நடுநரம்பைத் தொடுகிறது. மூடுபனிக்குள் தொலைவில் எரியும் விளக்கைப் பார்ப்பவருக்கு, விளக்கின் ஒளியும் தெரியாது, பனியின் அடர்த்தியும் தெரியாது என்றால், கண்ணுக்கு எட்டிய வெளிச்சத்தைக் கொண்டு அவர் எதைச் சொன்னாலும் அது இரண்டைப் பற்றியும் ஒருசேரச் செய்த ஊகமாகவே இருக்கும். முதலில் அந்தப் பனி எது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பேரண்டம் தோன்றியதிலிருந்து எல்லா விண்மீன்களும் உமிழ்ந்த ஒளியும், அந்த ஒளியால் சூடான தூசு வெளிவிட்ட அகச்சிவப்புக் கதிரும் விண்மீன் திரள்களுக்கு இடையிலான வெளியில் மெல்லியதாக நிறைந்திருக்கின்றன. இதைப் பின்னணி ஒளி என்று குறிப்பிடுகிறேன். உயர் ஆற்றல் காமா ஃபோட்டான் ஒன்று இந்தப் பின்னணி ஃபோட்டான் ஒன்றோடு மோதினால், இரண்டும் மறைந்து ஓர் எலக்ட்ரானும் ஒரு பாசிட்ரானும் தோன்றலாம். பிரைட், வீலர் இருவரும் 1934-இல் கணக்கிட்ட நிகழ்வு இது. நேருக்கு நேர் மோதலில் இரண்டு ஃபோட்டான்களின் ஆற்றல்களைப் பெருக்கினால் கிடைக்கும் மதிப்பு, எலக்ட்ரானின் நிறை ஆற்றலான 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டின் வர்க்கத்தை எட்ட வேண்டும். ஆகவே 1 டெரா எலக்ட்ரான் வோல்ட் காமாக் கதிரைப் பெரும்பாலும் விழுங்குவது 1 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டிய அகச்சிவப்பு ஒளி. 10 டெரா என்றால் 10 மைக்ரான், 100 டெரா என்றால் 100 மைக்ரான். இந்த நேர்விகிதம் மிக முக்கியமானது, ஏனெனில் ஒரு பிளேசரின் நிறமாலையில் எந்த ஆற்றலில் எவ்வளவு குறைகிறது என்பது, எந்த அலைநீளத்தில் எவ்வளவு பின்னணி ஒளி உள்ளது என்பதன் மறுபதிப்பாகிவிடுகிறது. பிளேசர் என்பது மையக் கருந்துளையிலிருந்து எழும் துகள் தாரை நம்மை நோக்கியே திரும்பியிருக்கும் விண்மீன் திரள்.

பின்னணி ஒளியை நேராக அளப்பது கடினம். சூரியக் குடும்பத்துக்குள் மிதக்கும் தூசு சிதறடிக்கும் ஒளி அதைவிடப் பல மடங்கு வலிமையானது. அதைக் கழிப்பதில் ஏற்படும் சிறு பிழையே விடையைப் புரட்டிப் போட்டுவிடும். இதற்கு வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது. மார்க்கேரியன் 501 என்ற பிளேசர் 1997-இல் பெரும் சீற்றத்தைக் காட்டியபோது, கேனரித் தீவுகளிலிருந்த ஹெக்ரா தொலைநோக்கிகள் அதன் நிறமாலையை ஏறக்குறைய 20 டெரா எலக்ட்ரான் வோல்ட் வரை அளந்தன. அதே காலத்தில் 60 மைக்ரான் பகுதியில் பின்னணி ஒளி மிக அதிகம் என்று ஓர் அளவீடு வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது அந்தப் பிளேசர் மூலத்தில் நம்ப முடியாத அளவு ஒளிர்ந்திருக்க வேண்டும் என்ற விடை கிடைத்தது. 2000-ஆம் ஆண்டில் இதை நெருக்கடி என்றே எழுதினார்கள், லோரென்ட்ஸ் சமச்சீர்மை, அதாவது சார்பியலின் அடிப்படை விதி, மீறப்படுவதே காரணம் என்ற விளக்கமும் உடனே எழுந்தது. பிறகு ஹெக்ரா தரவுகளை மேம்பட்ட ஆற்றல் அளவீட்டோடு மீண்டும் பகுத்தபோது நிறமாலையின் நுனி இன்னும் செங்குத்தாகச் சரிவது தெரிந்தது. 60 மைக்ரான் அளவீட்டில் கோளிடைத் தூசின் பங்கு முழுதாகக் கழிக்கப்படவில்லை என்ற ஐயமும் வலுத்தது. நெருக்கடி கரைந்தது.

அடுத்த பெரிய அடியை நமீபியாவிலுள்ள ஹெஸ் தொலைநோக்கிகள் 2006-இல் எடுத்து வைத்தன. 0.165, 0.186 ஆகிய செம்பெயர்ச்சிகளில் உள்ள இரண்டு பிளேசர்களின் நிறமாலைகள் எதிர்பார்த்ததைவிடக் கடினமாக, அதாவது உயர் ஆற்றல் பக்கம் மெதுவாகக் குறைபவையாக இருந்தன. அந்தக் குழுவினர் புதிய இயற்பியலை நாடவில்லை. பின்னணி ஒளி நாம் எண்ணியதைவிடக் குறைவு, விண்மீன் திரள்களை எண்ணிக் கூட்டினால் கிடைக்கும் அடித்தள அளவுக்கு அருகிலேயே அது இருக்கிறது என்று முடிவு செய்தார்கள். பின்னர் ஃபெர்மி விண்கலம் 739 பிளேசர்களையும் ஒரு காமாக் கதிர் வெடிப்பையும் கொண்டு 2018-இல் செய்த ஆய்வும் இதோடு ஒத்துப்போனது. ஆக, பனியின் அடர்த்தி இப்போது முன்னைவிட நன்றாகத் தெரியும். விளக்கின் ஒளிதான் இன்னும் முழுதாகத் தெரியாதது.

கதிர்வீதி (பதில்):

மேலே நண்பர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் புதிய துகளைப் பற்றிய கருத்து வெறும் ஆசையிலிருந்து பிறந்ததல்ல என்பதையும் உங்கள் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

வலிய அணுக்கரு விசை துகளையும் எதிர்த்துகளையும் ஏன் இத்தனை சமமாக நடத்துகிறது என்ற புதிருக்கு விடையாக 1977-இல் பெச்செய், குவின் இருவரும் ஒரு சமச்சீர்மையை முன்மொழிந்தார்கள். அதிலிருந்து ஆக்சியான் என்ற மிக இலேசான துகள் தோன்ற வேண்டும் என்று மறு ஆண்டே வைன்பெர்க்கும் வில்செக்கும் காட்டினார்கள். இதன் ஒரு பண்பு நமக்கு உதவுகிறது: காந்தப்புலம் உள்ள இடத்தில் ஃபோட்டான் ஆக்சியானாகவும், ஆக்சியான் மீண்டும் ஃபோட்டானாகவும் மாறலாம். நிறைக்கும் இணைப்பு வலிமைக்கும் (ஃபோட்டானோடு எவ்வளவு வலுவாகத் தொடர்புகொள்கிறது என்பதன் அளவு) கட்டாயத் தொடர்பு இல்லாத பொது வடிவத்தை ஆக்சியான் ஒத்த துகள் என்கிறோம். அது பின்னணி ஒளியோடு மோதி எலக்ட்ரான் இணையை உருவாக்காது. ஆகவே காமா ஃபோட்டான் மூலத்திலுள்ள காந்தப்புலத்தில் இத்துகளாக மாறி, இடைவெளியைத் தடையின்றிக் கடந்து, நம் பால்வழித் திரளின் காந்தப்புலத்தில் மீண்டும் ஃபோட்டானாக மாறினால், வரக் கூடாத காமாக் கதிர் வந்து சேரும். 2007-இல் டி ஆஞ்செலிஸ், ரொன்கதெல்லி, மன்சுட்டி மூவரும் விண்வெளியின் எதிர்பாராத் தெளிவுக்கு இதைக் காரணமாக முன்வைத்தார்கள்.

2012-இல் ஹோர்ன்ஸ், மேயர் இருவரும் 50 நிறமாலைகளைத் தொகுத்து, மிகுந்த உட்கவர்தல் (பின்னணி ஒளியால் விழுங்கப்படுதல்) நிகழ வேண்டிய ஆற்றல்களில் வந்த ஒளி கூடுதலாக இருப்பதாகக் கண்டார்கள்; விலகலின் அளவு 4.2 சிக்மா (தற்செயலாக நேர்வது மிக அரிது என்று பொருள்). அது ஒதுக்கித் தள்ளக்கூடிய எண் அல்ல. எனினும் 2015-இல் பித்தோ, வில்லியம்ஸ் இருவரும் இன்னும் பெரிய தொகுப்பைக் கொண்டு பின்னணி ஒளியையும் மூல நிறமாலைகளையும் ஒன்றாகவே பொருத்தியபோது குறிப்பிடத்தக்க விலகல் எதுவும் தென்படவில்லை. ஆகவே கூடுதலாக வருகிறது என்ற வாதத்தை மட்டும் நம்பி நிற்க முடியாது என்பதில் எனக்கும் உங்களுக்கும் வேறுபாடு இல்லை.

ஆனால் உங்கள் கேள்விக்கு நேரான விடை ஒன்று உண்டு: விளக்கின் முழு ஒளியும் தெரியாமலே செய்யக்கூடிய சோதனை. ஃபோட்டானும் இத்துகளும் ஒன்றாக மற்றொன்று மாறுவது ஆற்றலைப் பொறுத்து ஏறி இறங்குவதால், ஒரு குறிப்பிட்ட ஆற்றலை ஒட்டி நிறமாலையில் சிறு சிறு மேடுபள்ளங்கள் தோன்ற வேண்டும். எந்தப் பிளேசரின் இயல்பான நிறமாலையும் வழவழப்பாகவே இருக்கும். அதன் சரிவு என்ன என்று தெரியாவிட்டாலும், அதில் அலையலையான நெளிவு இருக்காது என்று நம்ப நல்ல காரணம் இருக்கிறது. ஹெஸ் குழு 2013-இல் பிகேஎஸ் 2155-304 என்ற பிளேசரில் இந்த நெளிவைத் தேடியது. ஃபெர்மி குழு 2016-இல் பெர்சியஸ் திரள்கொத்தின் (பல விண்மீன் திரள்களின் கூட்டம்) நடுவிலுள்ள என்ஜிசி 1275 என்ற விண்மீன் திரளில் 6 ஆண்டுத் தரவைக் கொண்டு தேடியது. நெளிவு இல்லை. அதன் விளைவாக 0.5 முதல் 5 நானோ எலக்ட்ரான் வோல்ட் நிறை வரையில் இணைப்பு வலிமை 5×10⁻¹² என்ற அளவைத் தாண்ட முடியாது என்று அறிந்தோம் (அலகு: ஒன்றின் கீழ் கிகா எலக்ட்ரான் வோல்ட்). ஜெனீவாவில் செர்ன் ஆய்வகத்தின் காஸ்ட் கருவி சூரியனிலிருந்து வரும் ஆக்சியான்களைத் தேடி 2017-இல் இட்ட எல்லை 6.6×10⁻¹¹. அது மிகப் பரந்த நிறை வரம்பில் பொருந்தும் என்றாலும், இந்தக் குறுகிய வரம்பில் ஒரு விண்மீன் திரளின் ஒளி அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் ஆழமாகச் சென்றிருக்கிறது. இல்லை என்ற விடைதான். ஆனால் எங்கே இல்லை என்பதை எண்ணோடு சொல்லும் விடை.

எழினி:

இருவருக்கும் மிக்க நன்றி. நிறமாலையின் நெளிவு பற்றிய விளக்கம் என் குழப்பத்தில் பாதியைத் தீர்த்துவிட்டது. இனி இரண்டு ஐயங்கள். முதலாவது, ஃபோட்டானின் வேகம் ஆற்றலைப் பொறுத்து மாறுகிறதா என்ற சோதனையில் உமிழப்பட்ட நேரம் நமக்குத் தெரியாதே. அதிலும் இதே சிக்கல் எழாதா? இரண்டாவது, இவ்வளவு கணக்கிட்ட பிறகு லாசோவின் 18 டெரா எலக்ட்ரான் வோல்ட் எங்கே நிற்கிறது?

நெய்தல் (பதில்):

முதல் ஐயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முன் நண்பர் கதிர்வீதி சொன்னதில் ஒரு மறுப்பு.

பெர்சியஸ் திரள்கொத்தைக் கொண்டு இட்ட எல்லை, அதன் காந்தப்புலம் எப்படி அமைந்திருக்கிறது என்ற எடுகோளைச் சார்ந்தது. அந்த ஆய்வு, புலத்தின் திசை பல அளவுகளில் தாறுமாறாக மாறும் கொந்தளிப்பு மாதிரியைப் பயன்படுத்தியது. மாறாக, புலம் பெரிய அளவில் ஒழுங்காக அமைந்த ஒரு மாதிரியை எடுத்தால் எதிர்பார்க்கும் நெளிவு குறைந்து, எல்லையும் தளர்கிறது என்று 2020-இல் சுட்டிக்காட்டப்பட்டது. ஆகவே மூலத்தின் சரிவைத் தெரிந்துகொள்ளும் தேவையிலிருந்து தப்பினாலும், காந்தப்புலத்தைத் தெரிந்துகொள்ளும் தேவையிலிருந்து தப்பவில்லை. அந்த எண்ணை மாணவர்களுக்குக் கூறும்போது இந்த நிபந்தனையையும் சேர்த்தே கூறுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி வேகம். ஈர்ப்பையும் குவாண்டம் இயற்பியலையும் இணைக்க முயலும் சில கோட்பாடுகளில், வெற்றிடத்தில் ஃபோட்டானின் வேகம் அதன் ஆற்றலுக்கும் பிளாங்க் ஆற்றலுக்கும் (ஈர்ப்பின் குவாண்டம் விளைவுகள் வெளிப்படும் என்று கருதப்படும் ஆற்றல்) உள்ள விகிதத்தில் சிறிது மாறலாம். பிளாங்க் ஆற்றல் 1.22×10¹⁹ கிகா எலக்ட்ரான் வோல்ட் என்பதால் 1 டெரா ஃபோட்டானுக்கு அந்த விகிதம் 10⁻¹⁶-ஐயும் எட்டாது. ஆயினும் மார்க்கேரியன் 501-லிருந்து வரும் 45 கோடி ஆண்டுப் பயணத்தில் அது சேர்ந்து சேர்ந்து ஒரு வினாடி அளவுக்கு வளர்ந்துவிடும். பூமியில் எந்த ஆய்வகத்திலும் கிடைக்காத நீளம் இது. இந்தத் துறையின் மேல் எனக்குள்ள ஈர்ப்புக்கே இதுதான் காரணம்.

நீங்கள் கேட்ட சிக்கல் உண்மையில் எழுந்தது. 2005 ஜூலை 9 அன்று மேஜிக் தொலைநோக்கி மார்க்கேரியன் 501-இன் சீற்றம் ஒன்றைப் பதிவு செய்தபோது, 1.2 டெரா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட ஃபோட்டான்கள், 250 கிகாவுக்குக் குறைந்தவற்றைவிட ஏறத்தாழ 4 நிமிடம் பிந்தி வந்தன. பயணத்தின்போது பிந்தியதா, உமிழப்படும்போதே பிந்தியதா என்பதை அந்த ஒரு நிகழ்விலிருந்து சொல்லவே முடியாது. துகள்கள் தாரைக்குள் படிப்படியாக முடுக்கப்படுகின்றன என்றால் உயர் ஆற்றல் பிந்துவது இயல்பே. தீர்ப்பு வேறொரு பிளேசரிலிருந்து வந்தது. 2006 ஜூலை 28 அன்று பிகேஎஸ் 2155-304, சில நிமிடங்களில் ஏறி இறங்கும் பெருஞ்சீற்றத்தை ஹெஸ் தொலைநோக்கிகளுக்குக் காட்டியது. அதன் செம்பெயர்ச்சி 0.116, மார்க்கேரியன் 501-க்கு 0.034. பயணத்தால் வந்த பிந்தல் என்றால் தொலைவோடு அது வளர்ந்திருக்க வேண்டும். ஆனால் அங்கே அளக்கத்தக்க பிந்தலே இல்லை. ஆகவே அந்த 4 நிமிடம் பெரும்பாலும் மூலத்திற்கே சொந்தமானது. தொலைவு வேறுபட்ட பல மூலங்களை ஒப்பிடுவதே இதில் நாம் பிடித்துக்கொள்ளக்கூடிய கைப்பிடி.

மிக வலுவான எல்லைகள் வெடிப்புகளிலிருந்து வந்தன. 2009 மே 10-இல் ஃபெர்மி கண்ட வெடிப்பில், செம்பெயர்ச்சி 0.903 இருந்தும், 31 கிகா எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான் ஒன்று தொடக்கத்திலிருந்து 0.83 வினாடிக்குள் வந்துவிட்டது. அந்த ஃபோட்டான் வெடிப்பு தொடங்குமுன் கிளம்பியிருக்க முடியாது என்ற ஒரே எடுகோளைக் கொண்டு, நேர்விகித விளைவு இருந்தால் அதன் ஆற்றல் அளவுகோல் பிளாங்க் ஆற்றலையும் தாண்டியே இருக்க வேண்டும் என்ற முடிவு கிடைத்தது. ஜிஆர்பி 221009ஏ-இல் முதல் 3000 வினாடிகளுக்குள் 64,000-க்கும் மேற்பட்ட உயர் ஆற்றல் ஃபோட்டான்களைத் திரட்டிய லாசோ, அந்த எல்லையைப் பிளாங்க் ஆற்றலின் ஏறத்தாழ பத்து மடங்குக்கு உயர்த்தியிருக்கிறது.

தொலைநோக்கன்:

இரண்டாவது ஐயத்துக்கு: 2023-இல் வெளியான லாசோவின் முழு ஆய்வு, நிறமாலை 13 டெரா எலக்ட்ரான் வோல்ட் வரை நீள்வதாகக் கூறுகிறது. ஒரு காமாக் கதிர் காற்றில் உண்டாக்கும் துகள் மழையைக் கொண்டுதான் அதன் ஆற்றல் மதிப்பிடப்படுகிறது. நிறமாலை எவ்வளவு வேகமாகச் சரிகிறது என்று எடுத்துக்கொள்கிறோமோ அதைப் பொறுத்து, அதே மழைக்கு உரிய ஆற்றல் மதிப்பும் மாறும். உட்கவர்தல் ஆற்றலோடு கிடுகிடுவென உயரும் பகுதி என்பதால், 18-க்கும் 13-க்கும் உள்ள வேறுபாடு சிறிதல்ல. பின்னணி ஒளி வழக்கமான மாதிரிகளைவிடச் சற்றுக் குறைவாக இருந்தால் போதும் என்றும், புதிய இயற்பியலும் ஒரு மாற்று விளக்கமாக இருக்கக்கூடும் என்றும் அந்த ஆய்வு முடிகிறது. லோரென்ட்ஸ் மீறல் என்ற விளக்கத்துக்கு நண்பர் நெய்தல் சொன்ன எல்லை குறுக்கே நிற்கிறது. ஒரே மாற்றம்தான் வேகத்தையும் இணை உருவாக்கத்தையும் பாதிக்கும் என்பதால், வேகத்தில் தெரியாததைத் தெளிவில் மட்டும் வேண்டுமளவு காட்ட முடியாது.

அதே வெடிப்பின் திசையில் 251 டெரா எலக்ட்ரான் வோல்ட் நிகழ்வு ஒன்றை ரஷ்யாவின் கார்பெட்-2 கருவி அறிவித்ததையும் சிலர் குறிப்பிடுவார்கள். அந்தத் திசைக்கு அருகிலேயே நம் பால்வழித் திரளைச் சேர்ந்த காமா மூலங்கள் இருப்பதால் நான் அதை வகுப்பில் சான்றாகச் சேர்க்க மாட்டேன்.

கதிர்வீதி:

நெய்தல் அவர்களின் மறுப்பு நியாயமானது. அதை ஏற்று ஒன்றைச் சேர்க்கிறேன்: காந்தப்புலங்கள் வெவ்வேறாக அமைந்த பல திரள்கொத்துகளில் இதே நெளிவைத் தேடினால், ஒரே புல மாதிரியைச் சார்ந்திருக்கும் குறை படிப்படியாகக் குறையும்.

உங்கள் மாணவர்கள் நம் நாட்டில் இதற்கு வழி உண்டா என்று கேட்டால், லடாக்கின் ஹான்லேயில் ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரத்தில் 2024 அக்டோபரில் தொடங்கி வைக்கப்பட்ட 21 மீட்டர் விட்டமுள்ள மேஸ் தொலைநோக்கியைச் சொல்லுங்கள். பாபா அணு ஆராய்ச்சி மையம் அமைத்தது. அவ்வளவு பெரிய ஆடி நூறு கிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறைந்த ஆற்றல்களையும் எட்டுவதற்காகவே. உட்கவர்தல் இன்னும் தொடங்காத அந்தப் பகுதியில்தான் மூலத்தின் உண்மையான சரிவை அளக்க முடியும். உதகமண்டலத்தின் கிரேப்ஸ்-3 என்ற துகள் மழை ஆய்வுக் கருவி இதைவிட உயர்ந்த ஆற்றல்களுக்கானது. ஒரு பெட்டா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் பெருவெடிப்பின் எச்சக் கதிரான அண்ட நுண்ணலைப் பின்னணியே காமாக் கதிரை விழுங்கிவிடும். கடக்கக்கூடிய தொலைவு நமக்கும் பால்வழியின் மையத்துக்கும் உள்ள இடைவெளி அளவுக்குச் சுருங்கிவிடும். அந்த ஆற்றலில் பிற விண்மீன் திரள் ஒன்றிலிருந்து ஃபோட்டான் வந்ததென்று உறுதியானால், பின்னணி ஒளியின் மாதிரியைப் பற்றிய விவாதத்துக்கே இடமிராது. நுண்ணலைப் பின்னணியின் அடர்த்தி மிகத் துல்லியமாகத் தெரிந்த ஒன்று.

எழினி:

மிகவும் பயனுள்ள விளக்கங்கள். கடைசியாக ஒன்று. பிளேசரிலிருந்து புறப்படும் புரோட்டான்கள் வழியிலேயே காமாக் கதிர்களை உண்டாக்கினால் அவையும் கூடுதலாக வந்து சேருமே. அதை ஆக்சியானிலிருந்து எப்படிப் பிரித்தறிவது?

நெய்தல்:

எஸ்ஸி, குசெங்கோ இருவரும் 2010-இல் முன்வைத்த விளக்கம் அது. புதிய துகள் எதுவும் தேவைப்படாத வலுவான போட்டி விளக்கமும் கூட. பிரித்தறிய உதவுவது காலம். மின்னூட்டமுள்ள புரோட்டான்கள் திரள்களுக்கு இடையிலான மெல்லிய காந்தப்புலத்தில் சற்றே வளைந்து, வெவ்வேறு நீளமுள்ள பாதைகளில் வருவதால், அவை உண்டாக்கும் காமாக் கதிர்களில் மூலத்தின் குறுகிய கால ஏற்ற இறக்கங்கள் கலைந்துபோகும். ஆக்சியான் ஒத்த துகள்கள் வளைவதில்லை, ஒளியோடு ஏறக்குறைய ஒரே வேகத்தில் வருகின்றன. மூலத்தின் ஏற்ற இறக்கம் அப்படியே தங்கும். ஆகவே தொலைவான ஒரு பிளேசர், பெரிதும் உட்கவரப்பட வேண்டிய ஆற்றலில் சில மணி நேரத்துக்குள் ஏறி இறங்குவதைக் கண்டால் புரோட்டான் விளக்கம் தளர்ந்துவிடும். இதற்குத் தேவை அந்த ஆற்றலில் போதிய எண்ணிக்கையிலான ஃபோட்டான்கள். லா பல்மாவிலும் சிலியின் பரனாலிலும் எழுப்பப்படும் செரன்கோவ் தொலைநோக்கி வரிசையிடம் நான் முதலில் எதிர்பார்ப்பது இந்த அளவீட்டைத்தான்.